கல்லமேட்டுப் பேருடலியும் ஒரு சிறு பல்லும்

மலையை ஒத்த உடலும் பனையை ஒத்த கால்களும் படைத்த அரக்கரைப் பற்றிப் புராணங்களிலே படிக்கின்றோம். அவை யாவும் கற்பனை என்று ஒதுக்கிவிடும் மாணவர்கள்கூட, டைனோசர் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவர். ஆயினும், "எங்கே, நாலு டைனோசர்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால், திரைப்படங்களிலே உலாவும் அமெரிக்க விலங்குகளின் பெயர்களே வந்து விழும். தமிழ் வழங்கும் நிலத்திலேயே அத்தகைய விலங்குகள் கிடந்தன என்பதையும், அவற்றுள் ஒன்று உலகில் நடமாடிய தரைவிலங்குகள் அனைத்திலும் பெரியதாக இருந்திருக்கலாம் என்பதையும் அறிந்தவர் சிலரே.

அந்த நிலம் தமிழ்நாட்டின் அரியலூர். எமது உடையார்கட்டிலிருந்து பறவை பறக்கும் வழியே அளந்தால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரம். கொழும்பு அதனிலும் தொலைவிலே உள்ளது. இத்துணை அண்மையிலே நிகழ்ந்த ஒரு பெருங்கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. அதிலே வியப்பும் உண்டு, இழப்பும் உண்டு.

வன்னி மண்ணிலே ஏன் இல்லை?

முதலிலே ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரியலூரிலே கிடைப்பது எங்கள் காணிகளிலே ஏன் கிடைப்பதில்லை?

டைனோசர்கள் பூமியிலே தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். பறவைகள் என்னும் ஒரு கிளை நீங்கலாக அவை முற்றாக அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். இந்த நீண்ட இடைக்காலத்திலே ஆற்று வண்டலாகவோ கடற்சேறாகவோ படிந்து இறுகிய பாறைகளிலேதான் அவற்றின் உயிர்ச்சுவடுகளைத் தேடமுடியும். வேறு காலத்துப் பாறையிலே தேடுவது, இன்றைய பத்திரிகையிலே பாட்டனாரின் திருமண அறிவித்தலைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

வன்னியிலே கிணறு வெட்டுவோர் ஆழத்திலே தட்டும் கருங்கல் மிக முதியது. புவிச்சரிதவியலாளர் அதற்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்டுள்ளனர். எங்கள் பிரதேசத்தின் பெயர் உலக அறிவியல் ஏடுகளிலே இப்படியும் வழங்குகின்றது என்பது மகிழத்தக்க செய்தி. பூமியின் ஆழத்திலே பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து இப்பாறைகள் இன்றைய உருவைப் பெற்றது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அன்று டைனோசர் இல்லை. தரையிலே நடக்கும் முதுகெலும்பு விலங்கு எதுவுமே இல்லை.

வடக்கே யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ மிக இளையது. அது மயோசீன் காலத்துக் கடலிலே படிந்தது. அக்காலத்தின் தொடக்கமே 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதற்கு நாலு கோடி ஆண்டுகள் முந்தியே டைனோசர்களின் ஆட்சி முடிந்துவிட்டது. ஆகவே ஒரு பாறை அவற்றுக்கு முந்தியது, மற்றது பிந்தியது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏடுகள் எங்கள் நிலப்புத்தகத்திலே கிழிந்துபோயின.

முற்றாகக் கிழிந்தன என்றும் சொல்லிவிட முடியாது. புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் ஆண்டிகமவிலும் யுராசிக் காலத்துப் படிவுகள் சிறு துண்டுகளாக எஞ்சியுள்ளன. தப்போவையிலே கிடைத்த இலைச்சுவடுகளை சீவார்ட், ஹொல்ற்றம் என்ற இரு தாவரவியல் அறிஞர்கள் 1922ஆம் ஆண்டிலே விவரித்தனர். டைனோசர்கள் வாழ்ந்த நாளிலே இலங்கையிலே தழைத்த செடிகள் அவை. அன்றியும், மன்னார்க் கடலின் அடித்தளத்திலே கிரித்தேசியக் காலத்துப் படிவுகள் தடித்த அடுக்குகளாக உள்ளன. 2011ஆம் ஆண்டிலே இயற்கை வாயு கண்டறியப்பட்டது அந்த மன்னார் வடிநிலத்திலேதான். அக்கடலடிப் படிவுகள் தமிழ்நாட்டின் காவிரி வடிநிலத்துக்கு உறவானவை. எங்கள் பக்கத்திலே நீருக்குள் மூழ்கிக் கிடப்பதன் ஒரு பகுதி, அரியலூரிலே வெயிலிலே காய்கின்றது.

அரியலூர்க் கடல்

இன்று அரியலூரிலே சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டுகின்றனர். அச்சுண்ணக்கல் படிந்த காலத்திலே அவ்விடம் கடலாகவும் கடற்கரையாகவும் இருந்தது. கடல் சில காலம் உள்ளே புகுந்தது. சில காலம் பின்வாங்கியது. ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட ஓடுடைய அமொனைற்றுகள் அங்கே ஆயிரக்கணக்கிலே கிடைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வோடுகள் இங்கிலாந்துக்குச் சென்று அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன. பின்னர் பிளான்போர்ட் என்பவர் இப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்து 1862ஆம் ஆண்டிலே ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டார்.

அக்கடலிலே ஊர்வன இனத்து வேட்டைவிலங்குகளும் நீந்தின. அவற்றுள் ஒன்று மீனுருவப் பல்லியாகிய இக்தியோசோர். அதன் எலும்புகளைக் கண்டு லிடெக்கர் என்ற அறிஞர் 1879ஆம் ஆண்டிலே 'இண்டிக்கஸ்' என்று இந்தியப் பெயரிட்டார். இக்தியோசோர்களும், துடுப்புப் போன்ற நான்கு கால்களை உடைய பிளிசியோசோர்களும் டைனோசர்கள் அல்ல என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். முதலையும் உடும்பும் காலை அகல விரித்து நடப்பன. டைனோசர்களோ மாட்டைப்போலக் கால்களை உடலின் கீழே நேராக ஊன்றி நடந்தவை. அந்த இடுப்பமைப்பும் கால் நிலையுமே அவற்றின் சிறப்பு அடையாளங்கள். நீந்தியன எல்லாம், பறந்த பல்லிகள் எல்லாம், டைனோசர் என்ற பெயரிலே அடங்கமாட்டா.

பேருடலி

அரியலூர் மாவட்டத்திலே கல்லமேடு என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள மண் கடலிலே படிந்ததன்று. டைனோசர்களின் இறுதிக் காலத்திலே ஆறுகள் கொண்டுவந்து இட்ட மணலும் களியும் அது. மற்லி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் டைனோசர் எலும்புகளைப் பற்றி 1929ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அதன்பின் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, ஐயாசாமி என்ற இருவர் அங்கே மிகப்பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்காலெலும்பு, முன்கையெலும்பு, வால் முள்ளென்பு என்பன அவை. 1987ஆம் ஆண்டிலே அவ்விலங்குக்கு 'பிருகத்காயோசோரஸ் மற்லியி' என்று பெயர் சூட்டினர். பிருகத் காயம் என்றால் பேருடல். பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். பின்னொட்டு மற்லியின் நினைவாக வைத்தது.

அதன் கணைக்காலெலும்பின் நீளம் மாத்திரம் 2 மீற்றர். எங்கள் ஊரிலே மிக உயரமான மனிதரை நிறுத்தினாலும் அவ்வெலும்பு அவரினும் ஓங்கி நிற்கும். அது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே என்பதை நினைவிற் கொள்க. பெருவிலங்கு என்று புகழ்பெற்ற ஆர்ஜென்ரீனாவின் ஆர்ஜென்ரீனோசோரஸ் என்பதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமே உடையது.

கண்டெடுத்தோர் முதலிலே அதனை ஊனுண்ணும் டைனோசர் வகையிலே சேர்த்தனர். பிறகு ஆராய்ந்தோர், அது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட தாவரவுண்ணி என்று திருத்தினர். 2023ஆம் ஆண்டிலே கிரகரி போல், லறமென்டி என்ற இருவர் அதன் நிறை 110 தொன்னுக்கும் 170 தொன்னுக்கும் இடையில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டனர். அவற்றுட் குறைந்த கணக்கையே கொண்டாலும், நாலு தொன் நிறையுள்ள யானைகள் இருபத்தேழை ஒரு தட்டிலே ஏற்றினால்தான் தராசு சமப்படும். மேல் எல்லையைக் கொண்டால் அது நீலத்திமிங்கிலத்தோடு போட்டியிடும். திமிங்கிலத்தைத் தாங்குவதற்குக் கடல் இருக்கின்றது. இதனைத் தாங்கியவை நாலு கால்களே.

அப்படியாயின், உலகப் பாடநூல்கள் அனைத்திலும் முதலாம் பக்கத்திலே நிற்கவேண்டிய இவ்விலங்கை ஆராய்ச்சியாளர் பலர் பட்டியலின் ஓரத்திலே கேள்விக்குறியுடன் வைத்திருப்பது ஏன்?

எலும்புகள் இப்போது இல்லை என்பதுதான் காரணம்.

கல்லமேட்டு மண் உதிரும் தன்மையது. அதிலே கிடந்த எலும்புகளும் வெடிப்புண்டு நொறுங்கும் நிலையிலே இருந்தன. மருத்துவமனையிலே முறிந்த காலுக்குப் பிளாஸ்டர் போடுவதுபோல, தொல்லெலும்புகளையும் பிளாஸ்டரிலே பொதிந்தே எடுப்பது வழக்கம். அவ்வாறு எடுத்தும் அவை நிலைக்கவில்லை, சிதைந்து மண்ணாயின. அவை இப்போது இல்லை என்ற செய்தியை, கண்டெடுத்தவருள் ஒருவராகிய ஐயாசாமியும் கால்ற்றன் என்ற அறிஞரும் 2017ஆம் ஆண்டிலே எழுத்திலே பதிந்தனர். எஞ்சியவை அளவுக்குறிப்புகளும் சில கோட்டுச் சித்திரங்களும் மாத்திரமே. "அவை எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கக்கூடும்" என்று ஐயுற்றோரும் இருந்தனர்.

அந்த ஐயம் வீண்பழியன்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே 18 மீற்றர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. இந்தியப் புவிச்சரிதவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை 1940ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தார். அத்தகைய மரங்கள் கிடைக்கும் பகுதியிலே, எலும்பைக் கண்ணாற் காணாத ஒருவர் மரமோ என்று கேட்பது நியாயமே. மரம் வேலிக்குள் பாதுகாப்பாகக் கிடப்பதால் அதனைப் பற்றி வாதம் இல்லை. எலும்பு போய்விட்டதால் வாதம் ஓயவில்லை.

நற்பேறாக, தோண்டிய நாளிலே எடுத்த சில பழைய நிழற்படங்கள் கிடைத்தன. பால் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து ஐயாசாமி 2022ஆம் ஆண்டிலே அவற்றை வெளியிட்டார். அவற்றைப் பார்த்தபின், அவை எலும்புகளே என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் படத்தை அளக்கலாம். வெட்டிப் பார்க்க முடியாது. புதிய கருவி வரும்போது மறுபடியும் எடுத்துச் சோதிக்க முடியாது. 2009ஆம் ஆண்டிலே வீட்டையும் பெட்டகத்தையும் விட்டு நடந்த வன்னிக் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொருள் போய்ப் படம் மட்டும் எஞ்சினால் அப்படத்தின் பெறுமதி என்ன என்பதையும், படத்தாலே ஈடுசெய்ய முடியாதது எது என்பதையும் அவர்கள் நன்கறிவர்.

முதுகுத் தட்டா, துடுப்புக் காலா?

அரியலூர்ப் பகுதி மற்றொரு பெயரையும் உலகுக்கு ஈந்தது. அதே யாதகிரியும் ஐயாசாமியும் 1979ஆம் ஆண்டிலே பெயரிட்ட 'திராவிடோசோரஸ் பிளான்போர்டி' என்பதே அது. திராவிட நாட்டுப் பல்லி என்று பொருள். முதுகிலே வரிசையாகத் தட்டுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசோர் இனத்தது என்று அதனை வகுத்தனர்.

இது மெய்யாயின் பெருஞ்செய்தி. படங்களிலே நாம் காணும் அமெரிக்க ஸ்டெகோசோரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். திராவிடோசோரஸ் கிடந்த பாறையோ 9 கோடி ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைந்த வயதினது. மற்றைய நாடுகளிலே அவ்வினம் மறைந்து நெடுங்காலம் சென்றபின்னும் தென்னிந்தியாவிலே வாழ்ந்தது என்று ஆகும்.

ஆனால் சங்கர் சாட்டர்ஜி என்ற தொல்லுயிரியலாளர் அவ்விடத்தை ஆராய்ந்து, அங்கே தாம் கண்டவை கடல்வாழ் பிளிசியோசோரின் எலும்புகளே என்று 1990களிலே எழுதினார். பாறை கடலிலே படிந்தது என்பதும் அவர் கூற்றுக்குச் சார்பாக அமைந்தது. மறுபுறத்திலே, முதற் கருத்தை ஆதரித்தோரும் உளர். ஒரே எலும்புக் குவியலை ஒருவர் தரைவிலங்கு என்பார். மற்றவர் நீர்விலங்கு என்பார். இதனைக் கேட்டு, "அறிஞர்களே இப்படித் தடுமாறினால் அறிவியலை எப்படி நம்புவது?" என்று மாணவர் கேட்கக்கூடும். மாற்றுக் கருத்தை வெளிப்படையாக எழுதுவதற்கும், எலும்பை மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கும் அறிவியலிலே இடமுண்டு. அந்த இடம் இருப்பதாலேயே அதனை நம்புகின்றோம் என்பதே எமது விடை.

அரிதட்டிலே அகப்பட்டவை

பேருடலியின் எலும்புகள் கரைந்த அதே கல்லமேட்டிலே, வேறு சிலர் வேறு முறையிலே தேடினர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள மண்ணை அள்ளி, நீரிலே கரைத்து, அரிதட்டிலே அரித்து, எஞ்சிய மணிகளை உருப்பெருக்கியின் கீழே ஒவ்வொன்றாகப் பொறுக்கினர். எங்கள் அடுக்களையிலே அன்னையர் அரிசியிலே கல் அரிப்பதை ஒத்த பொறுமையான வேலை.

அவ்வேலையின் பயனாக ஒரு சிறு பல் கிடைத்தது. அது துரூடொன்ரிட் என்னும் டைனோசர் வகையினது என்று 2013ஆம் ஆண்டிலே அவர்கள் அறிவித்தனர். அவை பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய சிறு விலங்குகள். உடலளவோடு ஒப்பிட்டால் மூளை பெரியது. அதுவரை அவ்வகையின் சான்றுகள் வடபுலக் கண்டங்களிலிருந்தே கிடைத்திருந்தன. தென்புலத்திலே முதற் சான்று தமிழ்நாட்டிலே கிடைத்த இந்த ஒற்றைப் பல்லாயிற்று. அதே ஆண்டிலே அக்குழுவினர், சிமோசூக்கஸ் என்னும் முதலையை ஒத்த ஒன்றன் பல்லையும் அறிவித்தனர். சிமோசூக்கஸ் என்பது மடகஸ்காரிலே வாழ்ந்த, மூக்குச் சப்பையான, தாவரம் தின்ற, ஒரு மீற்றர் நீளமும் இல்லாத விந்தை முதலை.

கல்லமேட்டிலே ஆமை ஒன்றும் கிடைத்தது. 2001ஆம் ஆண்டிலே அதற்கு 'கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயரிட்டனர். திருமாலின் கூர்ம அவதாரத்தை அறிந்த நம்மவர்க்கு அப்பெயரின் முற்பகுதி புதியதன்று. பிற்பகுதியோ சிற்றூரின் பெயரை உலகறியச் செய்தது. இவ்வாமையின் நெருங்கிய உறவினமும் மடகஸ்காரிலே உண்டு. கடல் தாண்ட மாட்டாத முதலையும் ஆமையும் இரு நாடுகளிலும் உறவுகளை வைத்திருப்பது எதனைக் காட்டுகின்றது? இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் ஒருகாலத்திலே கொண்டுவானா என்னும் ஒரே தென்கண்டத்தின் பகுதிகளாக இருந்தன என்பதைக் காட்டுகின்றது. ஒரு பல்லும் ஓர் ஓடும் கண்டங்களின் பயணத்துக்குச் சாட்சி சொல்கின்றன.

இங்கே ஓர் உண்மையை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். நூறு தொன் விலங்கு ஐயத்திலே நிற்கின்றது. நகக்கண்ணிலே வைக்கத்தக்க பல் உறுதியாக நிற்கின்றது. காரணம் பருமன் அன்று. பல் பேணப்பட்டது, வேண்டியவர் வேண்டியபோது எடுத்துப் பார்க்கலாம். பேணப்படாதது எத்துணைப் பெரிதாயினும் பேச்சாகவே போய்விடும்.

முட்டை என்ற மயக்கம்

பேச்சு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கும் அப்பகுதியே சான்று தந்தது. 2020ஆம் ஆண்டிலே பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலே ஏரி மண்ணைத் தோண்டியபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை" என்ற செய்தி சில மணி நேரத்திலே கைத்தொலைபேசிகள் எங்கும் பறந்தது. ஆராய்ச்சியாளர் சென்று பார்த்து, அவை முட்டைகள் அல்ல. அமொனைற்று முதலிய கடலுயிர்களைச் சுற்றிச் சேறு இறுகி உருண்ட கற்கள் என்று விளக்கினர். அவையும் மதிப்புள்ளனவே; அவ்விடம் கடலாக இருந்தமைக்குச் சான்றுகள் அவை. ஆனால் முட்டை என்ற செய்தியைக் கேட்ட அனைவரும் திருத்தத்தைக் கேட்டிருப்பார்களோ என்பது ஐயமே.

நாம் செய்யத்தக்கது

எங்கள் குளங்களிலே இன்றும் முதலை வெயில் காய்கின்றது. ஆமை அலைகரையிலே ஏறுகின்றது. கல்லமேட்டிலே பேருடலியின் காலடியிலே ஒதுங்கி வாழ்ந்த இனங்களின் தூரத்து உறவுகள் அவை. வானத்திலிருந்து விண்கல் விழுந்து, தக்கணத்திலே எரிமலைக் குழம்பு பெருகி, பேருருவங்கள் மாண்டொழிந்த காலத்தை இச்சிறியன கடந்து வந்தன. குளக்கட்டிலே நிற்கும் கொக்கோ டைனோசரின் நேர்வழித்தோன்றலே ஆகும்.

வன்னி மண்ணிலே டைனோசர் எலும்பு கிடைக்கும் என்று நாம் ஆசை காட்டவில்லை. அதற்கான காரணத்தை மேலே சொன்னோம். ஆயினும் கிணறு வெட்டும்போதும், குளம் தூர்வாரும்போதும், கிறவல் அகழும்போதும் வேறு பழம்பொருள்கள் வெளிப்படக்கூடும்: கல்லிலே பதிந்த சிப்பி, பழைய மட்பாண்டம், இரும்புக் கசடு, அறியாத விலங்கின் பல். அவற்றைக் கண்டவுடன் கழுவித் தேய்த்து வீட்டு அலுமாரியிலே வைப்பதாற் பயனில்லை. கிடந்த இடமும் ஆழமும் தெரியாத பொருள், முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது. முதலிலே அசையாது வைத்து, அருகிலே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தல் வேண்டும். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், எந்த நிற மண், எந்த நாள் என்பவற்றை ஒரு கொப்பியிலே எழுதுதல் வேண்டும். பின்னர் பாடசாலை ஆசிரியர் வாயிலாகப் பல்கலைக்கழகத்தாருக்கோ உரிய அரச திணைக்களத்தாருக்கோ அறிவித்தல் வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவனாற் செய்யமுடியாத காரியம் இதிலே ஒன்றுமில்லை.

கல்லமேட்டு மண்ணிலே ஆறரைக் கோடி ஆண்டுகள் தாங்கிய எலும்புகள், மனிதர் கைக்கு வந்தபின் சில ஆண்டுகளும் தாங்கவில்லை. எஞ்சியிருப்பவை அன்று எழுதிய குறிப்பும் அன்று எடுத்த படமுமே. அவையும் இல்லையேல் பேருடலி என்றொரு விலங்கு இருந்தமையே நமக்குத் தெரிந்திராது. ஆகவே பிள்ளைகளே, எதைக் கண்டாலும் எடுப்பதற்கு முன்னே எழுதிக்கொள்ளுங்கள்.